ஜெர்மன்காரருக்குப் போன கைதட்டல்

தென்புறநகர் மக்களின் செவித்திறனை உலகத் தரத்துக்கு உயர்த்துவது என்று தென்புறநகர் பண்பாட்டு மேம்பாட்டுக் குழுமம் தீர்மானித்தது. மக்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மழைநீர் வடிகால் என்று சொல்லியிருப்பார்கள்.

தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. சினிமாப் பாட்டு கிடையாது. முதலில், இருநூறு வருடத்துக்கு முன் காலமான ஒரு ஜெர்மன்காரரின் சிம்பொனி. அடுத்து, குழுமமே கேட்டு எழுதி வாங்கிய புத்தம்புதுப் படைப்பு, 'தாம்பரம் தழைக்கட்டும்'.

எழுதியவர் ஜெயசீலி. ஊரப்பாக்கத்தில் பிள்ளைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுப்பவர். தலைப்பு மட்டும் குழுமத்துடையது; மற்றதெல்லாம் அவர் உயிரைக் கொடுத்து எழுதியது. தான் எழுதியதை ஒரு முழுக் குழு வாசிக்கக் கேட்கவேண்டும் என்பது கல்லூரி நாள் ஆசை. பட்டுப்புடவை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

குழுமத் தலைவர் ஜீவரத்தினத்துக்கோ பாதியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயாகவேண்டும். உள்ளூர்ப் படைப்பைக் கேட்காமல் அவர் எழுந்து போனால் நன்றாக இருக்காது. தனி அலுவலர் சத்யநாராயணன் மேடைக்குப் பின்னால் ஓடி, இசைக்குழுவை நடத்தும் ஷ்யாம்சுந்தரைப் பிடித்தார்.

"வரிசையை மாத்தியாச்சு சார். புதுசு முதல்ல."

"முடியாது சார். புதுசுல ஆரம்பமே டிரம்பெட்தான். அதை வாசிக்கறவங்க வர்ற ரயில் இன்னும் குரோம்பேட்டையே தாண்டல."

சத்யநாராயணன் யோசித்தார். "சரி, நீங்க எதையும் மாத்தவேண்டாம். அறிவிப்பை மட்டும் மாத்திடறோம். அறிவிப்பு எங்க பொறுப்பு, வாசிப்பு உங்க பொறுப்பு. ஒருத்தர் விஷயத்துல ஒருத்தர் தலையிட வேண்டாம்."

அடுத்த வருடக் கச்சேரியும் வேண்டுமே என்று ஷ்யாம்சுந்தர் தலையாட்டினார்.

'தாம்பரம் தழைக்கட்டும்' என்று அறிவித்தார்கள். ஜெர்மன் சிம்பொனி ஆரம்பித்தது. ஜெயசீலிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சார், இது என்னோடது இல்ல."

"பதட்டப்படாதீங்க மேடம்," என்றார் சத்யநாராயணன். "முதல் தடவை கேக்கறப்ப கலைஞர்களுக்கு அப்படித்தான் தோணும்."

ஜெயசீலிக்கு நேர் பின்வரிசையில் சாவித்ரி என்ற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை கணவரிடம் சொன்னார்: "உள்ளூர்ச் சரக்குன்னு கேட்டவுடனே தெரியுது பாருங்க. முயற்சி பரவாயில்ல."

சிம்பொனி முடிந்ததும் தலைவர் ஜெயசீலிக்குப் பொன்னாடை போர்த்திப் பேசினார். "இந்த இசையில நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல் அப்படியே இருக்கு. கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

ஜெயசீலி மைக்கை நோக்கி நகர்ந்தார். சத்யநாராயணன் குறுக்கே வந்தார்.

"தலைவர் கேட்டாச்சு, பாராட்டியாச்சு மேடம். இனிமே அது உங்களோடது இல்லன்னு சொல்றது முறையா? ஜெர்மன்காரர் தரப்புலேர்ந்து ஆட்சேபனை எதுவும் வரலையே."

தலைவர் போனார். டிரம்பெட்காரர்கள் வந்தார்கள். உலகப்புகழ் ஜெர்மன் மேதையின் பெயரை அறிவிப்பாளர் மூன்று விதமாக உச்சரித்தார். ஜெயசீலியின் இசை தொடங்கியது.

மண்டபம் அடங்கிப்போனது. செல்போன்கள் பைக்குள் போயின. சாவித்ரி கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெயசீலிக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

சாவித்ரி கைக்குட்டையை நீட்டினார். "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு. இருநூறு வருஷம் நின்னது சும்மாவா?"

அறிவித்தபடியே பதிவேற்றவேண்டும் என்பது விதி. ஒலிப்பதிவும் இசைத்தாள்களும் அந்தந்தப் பெயரிலேயே இணையத்தில் ஏறின. கொஞ்ச நாளில் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரிக் குழு அந்த 'ஜெர்மன்' இசையைப் பயிற்சி செய்தது. ஒத்திகைக்குச் சிறப்பு விருந்தினர், உள்ளூர் இசையமைப்பாளர் ஜெயசீலி.

நடுவில் ஓர் இடம் ஓட்டமாய் ஓடியது. "இங்க இன்னும் மெதுவா வாசிக்கணும்," என்றார் ஜெயசீலி.

குழுவை நடத்தும் சின்மயி சிரித்தாள். "மேதைங்க எழுதினதுல நாம கைவைக்கக் கூடாது மேடம்."

ஜெயசீலி வாயைத் திறந்தார். மாணவர்கள் பயபக்தியோடு வயலினைத் தோளில் வைத்துக் காத்திருந்தார்கள். இது ஊரப்பாக்கத்து டீச்சர் எழுதியது என்று தெரிந்தால், வயலின்கள் சாயங்காலத்துக்குள் பெட்டிக்குப் போய்விடும்.

"உண்மைதாம்மா," என்றார். "அவர் ரொம்பப் பெரிய ஆள்."

சின்மயிக்குப் பாவமாக இருந்தது. "உங்க 'தாம்பரம் தழைக்கட்டும்' கூட நெட்ல கேட்டேன் மேடம். மோசமில்ல. இன்னும் கொஞ்சம் உழைச்சா நல்லா வரும்."

அந்த ஜெர்மன்காரர் சார்பில் ஜெயசீலி நன்றி சொன்னார்.