பச்சைக் கேட்டு வீட்டுப் பாட்டு

அடுத்தவர் தாம்பத்தியத்துக்குப் பாட்டுக் கட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் ஊரிலும் ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் காரிமங்கலம் பக்கத்து மாதிரியின் பெயர் பச்சியப்பன்; புளி வியாபாரம்.

இவர் யார் பெயரையும் சொல்ல மாட்டார். அது அவருடைய தர்மம். தெருவைச் சொல்வார், வாசல் கேட்டின் நிறத்தைச் சொல்வார், புருஷன் எந்த பஸ்ஸில் போய் எந்த பஸ்ஸில் திரும்புகிறான் என்று சொல்வார், முக்கியமான இடத்தில் இருமுவார், எல்லாவற்றையும் கூத்து மெட்டில் இழுத்து வாட்ஸ்அப்பில் ஏற்றிவிட்டு, "நான் பொதுவாச் சொன்னனுங்க" என்பார். பொதுவாகவா? சாயங்காலத்துக்குள் ஊரே விலாசத்தைக் கண்டுபிடித்துவிடும்.

சென்ற மாதம் மிக்ஸி ரிப்பேர்காரன் செல்லம்மாள் வீட்டில் அரைமணி நேரம் இருந்துவிட்டான். போதாதா? புருஷன் சந்தைக்குப் போனதும் பச்சைக் கேட்டு வீட்டுக்கு ஒருவன் வருகிறான், புருஷன் திரும்பினால் ராகி டிரம்முக்குள் ஒளிகிறான் என்று பாட்டு. நானும் சிரித்தேன், மறுக்கவில்லை. செல்லம்மாள் வீட்டுக் கேட் பச்சை. அவள் கணவன் குப்புராஜ் டிரம்மைத் திறந்து கைவிட்டுத் துழாவினான், ராகிதான் இருந்தது. அவன் துழாவியதைப் பார்த்த செல்லம்மாள் அன்றே தாய்வீடு போய்விட்டாள். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சியப்பனின் மனைவி சசிகலா, செல்லம்மாளின் தோழி. அடுத்த சந்தை நாளில் கணவர் புளி மூட்டையோடு கிளம்பியதும், தன் வீட்டு நீலக் கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தாள்.

மாலையில் திரும்பிய பச்சியப்பன் கேட்டைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே உள்ளே போய், ராகி டிரம்மைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டார். அந்தப் பாட்டில் ஒரு வரிகூட உண்மையில்லை என்று உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் விட்டார்.

பின்னால் சசிகலா போனைப் பிடித்தபடி நின்றாள்.

"எல்லாம் வீடியோவுல இருக்குதுங்க. குப்புராஜு வூட்டுக்குப் போயி, பாட்டு பொய்யின்னு சொல்லிட்டு வர்றீங்களா? இல்ல, நானும் பொதுவா ஒரு பாட்டுக் கட்டட்டுங்களா?"

ராகி ஒட்டிய கையோடு போனார். குப்புராஜ் இரண்டு முறை போய்க் கூப்பிட்ட பிறகுதான் செல்லம்மாள் வந்தாள்.

சரி, இதைப் படிக்கும்போது, யார் இந்தச் செல்லம்மாள், எந்தத் தெரு என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதுதானே? தோன்றியிருந்தால் நீங்களும் இருமிப் பழகலாம். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கேட் என்ன நிறம்?