கைதட்டாப் படலம்

வாழ்க, முன்வரிசை நடு நாற்காலியை ஆண்ட மன்னன்! வாழ்க, தானே எழுதித் தானே மெட்டமைத்துத் தானே பாடும் தன்னிகரில்லாப் பாடகியைக் கைப்பிடித்த கணவன்! சொல்லின் தெய்வமே, அவன் போர்த்திறம் பாட எம் நாவில் வந்தமர்க. அமரும்போது செருமிவிடாதே, மைக்குகள் விழித்திருக்கின்றன.

தொலைக்காட்சிச் சிறப்பு நிகழ்ச்சிக்காக அவள் கச்சேரி பதிவாகிக்கொண்டிருந்தது. அதுவே இசைத்தொகுப்பாகவும் வெளிவரும். கடைசிப் பாட்டில்தான் வந்தது வினை. அதன் இறுதி அடிக்கு முன் நான்கு தாளத்தட்டு நேரம் மௌனம். வீட்டு ஒத்திகையில் அந்த இடத்தில் அவள் நிமிர்ந்து, 'எப்படி?' என்று கண்ணால் கேட்பாள், அவன் கைதட்டுவான். ஆறு மாதப் பழக்கம் சும்மா விடுமா? இருமுறை இடியென முழங்கின அவன் கைகள். வீட்டுக்காரருக்குத் தெரியாததா என்று நம்பி, பின்னாலிருந்த முந்நூறு பேரும் தட்டினார்கள். இரண்டு பதிவும் பாழ்.

ஒலிபெருக்கியில் இயக்குநரின் பிரகடனம் எழுந்தது: "இன்னும் ஒரே ஒரு தடவைதான். அப்புறம் அரங்கத்தைக் காலி பண்ணணும். முன்வரிசை சார், தயவுசெஞ்சு கைய அடக்குங்க!"

அவள் மேடையிலிருந்து குனிந்தாள். "என்னங்க, இதுவும் போச்சுன்னா இந்தப் பாட்டே தொகுப்புல வராது. உங்களுக்காக எழுதினதுங்க."

வெட்கத்தால் காது சிவந்த அவ்வீரன், மதங்கொண்ட இரு யானைகளைக் கொட்டிலில் அடைப்பதுபோல் தன் கைகளைத் தொடைகளுக்கடியில் திணித்து, உடல் எடை முழுவதையும் மேலே ஏற்றி, பல்லைக் கடித்துக் காத்திருக்க, பாட்டு ஏறியது, இறங்கியது, நின்றது. வந்தது மௌனம்! முதல் தட்டில் விரல்கள் கலகம் செய்தன. இரண்டாம் தட்டில் நாற்காலி அதிர்ந்தது. மூன்றாம் தட்டில், ஐயகோ, பழக்கதோஷத்தால் அவள் நிமிர்ந்து அவனையே பார்த்தாள். அவன் கண்ணை இறுக மூடி, கடையில் வாங்க வேண்டிய சாமான்களை மனத்துக்குள் ஒப்பித்து நான்காம் தட்டையும் கடந்தான். இறுதி அடி பிசிறில்லாமல் பாய்ந்தது. பாட்டு பிழைத்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அரங்கில் ஒரு சத்தம் இல்லை. இருமுறை சூடுபட்ட முந்நூறு பேரும், இயக்குநரும், மேடையில் அவளும் அவன் கையசைவுக்காகவே காத்திருந்தார்கள். விண்ணதிர முழங்க வேண்டிய வெற்றி முரசங்களை வீரன் வெளியே உருவினான்.

இரண்டு கையும் மரத்துப் போயிருந்தன.