நானோ நறுக்கிய இரண்டு வரிகள்

உலகத்தில் நறுக்கர் என்று ஓர் இனம் உண்டு. காய்கறி நறுக்குகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இவர்கள் நேரத்தை நறுக்குகிறவர்கள்.

இந்த இனத்தின் அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் மென்பொருள் எழுதும் அலுவலகம் ஒன்றுக்கு வாருங்கள். ஜன்னலோரம், காதில் ஹெட்போன், பக்கத்தில் ஆடை படிந்த காபி. மற்றவர்கள் நாலு வரியில் முடிக்கிற வேலையை, இயந்திரத்தின் காதுக்குள்ளேயே போய் ஓதுகிற அசெம்பிளி மொழியில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருப்பார். எதற்காம்? இங்கே இருக்கும் தகவலை அங்கே நகலெடுக்க. அவ்வளவுதானா? அவ்வளவேதான். அதில் ஒரு நானோ வினாடி மிச்சமானால் அன்று அவருக்குப் பசியே எடுக்காது. அலுவலகம் அவரை நானோ என்றே கூப்பிடுகிறது. கேலி என்பது கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியும்; அவர் விருதாக வாங்கி வைத்திருக்கிறார்.

லிஃப்டுக்கு நிற்க மாட்டார். மாடிப்படி ஏறி, லிஃப்டில் வந்தவர்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, "ஆவரேஜ் எடுத்தா நான்தான் ஃபர்ஸ்ட்" என்பார். மனைவிக்குப் போன் செய்து "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதில் வருமுன் வைத்துவிடுவார். எப்படியும் 'ம்' என்றுதானே சொல்லப்போகிறாள்?

அந்த அலுவலகம் விற்கவிருந்தது, மின்சாரம் போனாலும் எதையும் மறக்காத நினைவகத்தில் ஆம்புலன்ஸ் அழைப்புகளைப் பதிந்து வைக்கும் மென்பொருள். வாங்கப்போகிற அம்மாள் ஒருநாள் பிற்பகல் வந்து, தன் கையாலேயே பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஓர் அழைப்பு தொலைந்தாலும் ஆர்டர் போச்சு; அதோடு அந்த அலுவலகத்தில் இருக்கிற அத்தனை பேரின் வேலையும்.

அன்று காலைதான் நானோவின் கண்ணில் அந்த மென்பொருளின் இரண்டு வரிகள் பட்டன. ஒன்று, 'கொண்டுபோய்ச் சேர்' என்றது. மற்றது, 'சேர்ந்துவிட்டது என்று தெரியும்வரை நில்' என்றது. நிற்பதா? யாரிடம் சொல்கிறாய்? இரண்டையும் வெட்டி எறிந்தார். வேகம் இரண்டு மடங்கானது. நினைவகத்தில் சேர்க்க வேண்டிய சாமானை, கரன்ட் போனால் காலியாகிவிடும் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, 'போட்டாச்சு' என்று இயந்திரம் சத்தியம் செய்ய ஆரம்பித்திருந்தது. வேகம் வராமல் என்ன செய்யும்?

சோதனை செய்கிற பெண்மணியை எல்லோரும் பிளக் அக்கா என்பார்கள். அவரிடம் ஓடினார்.

"அக்கா, பறக்குது!"

"இன்னைக்கு எதுலயும் கை வைக்காதேன்னு சொன்னேன்ல?"

"கை எங்க வச்சேன்? ரெண்டு வரிய எடுத்தேன்."

அக்கா பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகினார். திரை விழித்தது. கடைசி அழைப்புகளைக் காணோம். ஒன்றே ஒன்று பாதி வந்திருந்தது: மூச்சுத் திணறல், மூணாவது மாடி, கதவு.

"எந்தக் கதவுடா?"

"கரன்ட் போகாம இருந்தா முழுசா வந்திருக்கும்க்கா."

"கரன்ட் போனாலும் வரும்னுதானே விக்கிறோம்! மாடியில ஒருத்தர் மூச்சு விட முடியாம கெடக்கிறார், ஆம்புலன்ஸ்காரன் ஒவ்வொரு கதவா தட்டிட்டுப் போகட்டுமா?"

நானோ தன் ஜன்னலோரத்துக்குத் திரும்பினார். ஆனால் மனசுக்குள் ஓடியது அந்த மூணாவது மாடிக்காரர் அல்ல. பழைய வரிகளைத் திரும்பப் போட்டால் பாதியாகப்போகிற வேகம். பெற்ற பிள்ளையை விடுதியில் சேர்ப்பவர் போல அவற்றைத் தட்டச்சு செய்தார்.

அம்மாள் வந்தார். பிடுங்கினார். செருகினார்.

"எல்லாம் இருக்கா?"

"இருக்குங்க," என்றார் அக்கா.

"அப்ப சரி."

கையெழுத்தாயிற்று. எவ்வளவு வேகம் என்று கேட்பார், கேட்பார் என்று நானோ வரைபடத்தோடு நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாகக் காத்திருந்தார். அம்மாளோ தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"வேகம்னா என்னன்னே தெரியாதவங்க கிட்ட விக்கிறோம்," என்றார் நானோ. திருந்தினாரா? அந்த இரண்டு வரிகளில் ஒன்றையாவது எடுத்துவிட முடியாதா என்று இப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்கள் அலுவலகத்து ஆள் ஒருவரின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். உடனே அவருக்கு அனுப்பக் கை துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் முதலில், இது உங்களுக்கு யார் யாரிடமிருந்தெல்லாம் வந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.