வாயிற்பொறி மாட்டிய வில்லை

அவைப்பாடி நாட்டில் எவரும் எதையும் பொதுமன்றத்தில் வந்து சொல்லலாம் என்பது வழக்கம். ஆட்டைத் தொலைத்தவன் அங்கே வந்து புலம்புவான். காலை வணக்கம் சொல்வதற்கென்றே நாள்தோறும் நாற்பது பேர் வருவர். பூப்படம் காட்டுவோர் கணக்கு தனி. இந்த இரைச்சலில் தம் குரல் தமக்கே கேட்கவில்லை என்று மன்னர் மணிமுடிவர்மர் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆகவே ஒழுங்கமைச்சர் நாவடக்கனார் மன்ற வாயிலில் ஒரு பொறியை நிறுவினார். நுழைபவர் கழுத்தில் அது தானாகவே கயிற்றில் கோத்த ஓர் அடையாள வில்லையை மாட்டும். அன்று உள்ளே அமர்ந்திருந்த மன்னருக்கும் அமைச்சர்களுக்கும் தலைமை வில்லை. பின்னர் நுழையும் யாவர்க்கும் பொது வில்லை. பொது வில்லை அணிந்தவர் பிறர் பேசுவதைக் கேட்கலாம், கைதட்டலாம். பேசுதல், படம் காட்டுதல், பிறரை அழைத்து வருதல் ஆகிய மூன்றும் அவருக்கு அடைக்கப்பட்டிருக்கும்.

“பேச்சுரிமை பறிக்கப்பட்டதாக எவரும் கருத வேண்டா,” என்றார் நாவடக்கனார். “அஃது இயல்பாகவே மூடப்பட்டுள்ளது, அவ்வளவே. வேண்டுவோர் மன்றத்தில் எழுந்து வாய்விட்டுக் கேட்டால் உடனே திறந்துவிடப்படும்.”

வாய்விட்டுக் கேட்டவர்களை, அனுமதியின்றிப் பேசிய குற்றத்திற்காகப் பொறியின் நீண்ட மரக்கை பிடரியைப் பற்றி வெளியே விட்டது.

பெரிய ஏரியின் மடைக்காவல் இருளாயியிடம் இருந்தது. மூன்றாம் மடையருகே கரை கசிவதை அவள் கண்டபோது, நீர் நூலிழையாகத்தான் வந்தது. கரைக்குக் கீழே அவளுடைய தெரு, முந்நூறு வீடுகள். அவள் மன்றத்துக்கு ஓடினாள். பொறி வில்லையை மாட்டியது. நாவடக்கனாரோ, “நம் ஏரிக்கரை மலைபோல் நிற்கிறது,” என்று முழங்கிக்கொண்டிருந்தார். மறுத்துப் பேச இயலாத இருளாயி உள்ளங்கை சிவக்கக் கைகளை அறைந்துகொண்டாள். ‘பலத்த கரவொலி’ என்று மன்றக் குறிப்பில் பதிவாயிற்று.

மறுநாள் கரையின் ஈரமண்ணைச் சட்டியில் அள்ளி வந்தாள். ‘பொருள்களும் படங்களே’ என்று ஆணை பிறந்தது. மூன்றாம் நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ‘கைதட்டாதிருத்தலும் ஒருவகைப் பேச்சே’ என்று மற்றோர் ஆணை பிறந்தது.

இதற்கிடையில் பொருளமைச்சர் தலைவலிக்கு மருந்து வாங்க வெளியே போய்த் திரும்பினார். பொறி அவரையும் புதியவராகவே கண்டு பொது வில்லையை மாட்டிவிட்டது. பழைய வில்லையைத் திரும்ப வழங்க உள்ளிருப்பவர் ஒருவர் மனம்வைத்தால் போதும், எவரும் மனம்வைக்கவில்லை. அன்று முதல் அவர் மூலையில் நின்று கைதட்டினார். அதைக் கண்ட மன்னரும் மற்றவர்களும் மன்றத்தை விட்டு அசைவதை நிறுத்தினர். உணவு சன்னல் வழியாக வந்தது. மற்றவை சன்னல் வழியாகச் சென்றன.

குடிகளோ வில்லையை வீட்டுக்குப் போனபின்பும் கழற்றவில்லை. கழற்றக் கூடாதென்று எந்த ஆணையும் இல்லை. கழற்றலாம் என்றும் எவரும் சொல்லவில்லை. உப்பு விற்பவள் சைகையில் விற்றாள். கணவனும் மனைவியும் கைதட்டியே சண்டையிட்டனர்.

நான்காம் நாள் நீர் தொடைப் பருமனில் பீறிட்டது. இருளாயி தெருவுக்கு ஓடிவந்து, எதிர்ப்பட்ட பக்கத்து வீட்டுச் சடையனைப் பார்த்துப் பழக்கத்தால் கைதட்டினாள். அவனும் மரியாதையாகத் திருப்பித் தட்டினான். அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வில்லையை அறுத்தெறிந்தாள்.

“கூறுகெட்டவனே, கரை ஒடையப் போவுது. புள்ளைங்களத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு.”

சொல்லிவிட்டு, பிடரியில் மரக்கை விழுமென்று கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் விழவில்லை.

சடையன் தன் வில்லையைத் தடவிப் பார்த்தான். “இங்க பேசலாமாக்கா?”

“இத்தன நாளும் ஒன்ன யாருடா வேணாம்னது?”

சடையன் வில்லையைக் கழற்றி எறிந்தான். வீடு வீடாகக் கத்திக்கொண்டு ஓடினான். உச்சிவேளைக்குள் தெரு முழுவதும் மேடேறிற்று. அதன்பிறகே கரை உடைந்தது.

இருளாயி மன்றத்துக்கு விரைந்தாள். வாசற்படியில் நீர் ஏறிக்கொண்டிருந்தது. படிக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தாள்.

“எல்லாரும் வெளிய வாங்க சாமி. ஏரி ஒடைஞ்சிருச்சு.”

“அனுமதியின்றிப் பேசுகிறாய்,” என்றார் நாவடக்கனார்.

“நான் வெளியிலதான நிக்கிறேன்.”

பொது வில்லை அணிந்திருந்த பொருளமைச்சர் ஒருவரே வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

மன்னர் வாசற்படியை நோக்கினார். “பெண்ணே, வெளியே வந்து திரும்பினால் இப்பொறி எனக்கு எதை மாட்டும்?”

“எங்களுக்கு மாட்டுனதத்தாங்க.”

மன்னர் நாவடக்கனாரிடம் திரும்பினார். “அமைச்சரே, தாங்கள் முதலில் செல்லுங்கள்.”

“தங்களைத் தனியே விட்டா, அரசே? ஒருக்காலும் இல்லை. தாங்கள் முதலில்.”

இருவரும் ஒருவர் கழுத்திலிருந்த வில்லையை மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தனர். நீர் அரியணையின் முதற்படியைத் தொட்டது. மன்னர் கால்களை மட்டும் மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.