கார் கழுவத் தடை

வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நொயெல்லாவின் கையில் இருந்த முட்டை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

சனிக்கிழமை காலை. கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை காலையென்றால் அல்சீட் கார் கழுவுவார். பனிக்காலத்தில் வெந்நீர், மற்ற நாளில் குழாய்த் தண்ணீர். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வாசலில் நிற்கிற கருநீலக் காரின் மேல் இன்னும் இரண்டு வாரத்துக்குத் தண்ணீர் படக் கூடாது. ஏன் என்று அல்சீட்டிடம் சொல்லவும் முடியாது.

அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அல்சீட் வாளியும் கையுமாகக் காரின் முன்னால் நின்றிருந்தார்.

"அல்சீட், முட்டை தீர்ந்துபோச்சு. போய் வாங்கிட்டு வா."

"இப்பவேவா?"

"இப்பவே. அடுப்புல சட்டி காயுது."

அவர் மறுபேச்சுப் பேசாமல் வாளித் தண்ணீரை லைலாக் செடிக்கு ஊற்றிவிட்டு முட்டை வாங்கக் கிளம்பினார். காரை எடுக்கவில்லை. நடந்தே போனார்.

நொயெல்லாவுக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது. அல்சீட் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை.

விஷயம் இதுதான். அவர்கள் வாழ்க்கையில் வாங்கிய முதல் புதுக் கார் அது. அதுவரை வாங்கியதெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்தவை. கடலோர ஊர், காற்றிலும் உப்பு, குளிர்காலத்தில் சாலையிலும் உப்பு. கடைசிக் காரின் கதவுகள் அடியில் அரித்துப்போய்ச் சரிகைத் துணி மாதிரி ஆகியிருந்தன. அந்தச் சாலை உப்பைப் போடுகிறவரே அல்சீட்தான். நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார். வெயில் வந்தால் சாலைக் குழி மூடுகிறார்.

காரைப் பார்த்து, பேரம் பேசி, கையெழுத்துப் போட்டது அவர். ஷோரூமிலிருந்து எடுத்துவர நொயெல்லாவைத்தான் அனுப்பினார். போகும்போது எச்சரித்தார்: "கடைசியில ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போவாங்க. அங்க எதுக்கும் தலையாட்டாதே."

அந்த ரூமில் இருந்த பையன் மரியாதையானவன். ஒரு பழைய கார்க் கதவின் பாதியில் மட்டும், பெயின்ட்டைக் காக்கும் ஒரு பூச்சைப் பூசி வைத்திருந்தான். மேலே தண்ணீர் ஊற்றினான். பூசாத பக்கத்தில் தண்ணீர் அழுக்காய்ப் பரவியது. பூசிய பக்கத்தில் முத்து முத்தாய் உருண்டு ஓடியது. "உங்க ஊர்ல கடல் காக்கா எச்சம் பெயின்ட்டையே தின்னுடும் மேடம்," என்றான் வருத்தத்தோடு. நொயெல்லா ஜன்னல் வழியே தன் புதுக் காரைப் பார்த்தாள். அது அவளையே நம்பி நிற்பதுபோல் இருந்தது. தலையாட்டிவிட்டாள். திரைச்சீலை தைத்துச் சேர்த்த தன் பணத்திலிருந்து கொடுத்தாள். பூச்சு இறுகும்வரை இரண்டு வாரம் தண்ணீர் படக் கூடாது என்றான் பையன். பூசுவதற்காகக் கார் ஒரு நாள் தாமதமாக வந்தது. "நம்பர் பிளேட் வரலையாம்," என்று அல்சீட்டிடம் சொன்னாள்.

இதை ஏன் மறைக்க வேண்டும் என்றால், அதற்குக் காரணம் சகலை ஓவிலா. நொயெல்லாவின் அக்கா தெல்மாவின் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் தன் புதுக் காருக்கு இதே பூச்சைப் பூசிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் அல்சீட் அதைச் சொல்லிக் காட்டாமல் கரண்டியைத் தொட்டதில்லை.

"கம்பெனிக்காரன் பெயின்ட் அடிச்சு, அதுக்கு மேல வார்னிஷும் அடிச்சுத்தான் அனுப்புறான். அதுக்கு மேல இவங்க எதைப் பூசுறாங்க? சகலை தலையில மிளகாய் அரைச்சதுல மிச்சம் இருந்ததைப் பூசியிருப்பாங்க. துரு அடியிலிருந்து வருது, இவரு மேல மெழுகு தடவிக்கிட்டிருக்காரு. ஒரு டப்பா மெழுகு நான் வாங்கித் தந்திருப்பேனே."

ஓவிலா பாவம், தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அல்சீட் மறுபடி வாளியை எடுத்தார். முட்டை இருந்தது. வேறு எதுவும் நொயெல்லாவுக்குத் தோன்றவில்லை.

"கார் கழுவக் கூடாதாம்," என்றாள்.

"யார் சொன்னா?"

"நகராட்சியில. கிணத்துல தண்ணி மட்டம் இறங்கிடுச்சாம். யாரும் கார் கழுவக் கூடாதுன்னு தடை போட்டிருக்காங்களாம்."

சொல்லி முடித்தபிறகுதான் அவர் நகராட்சியில் வேலை பார்க்கிறவர் என்பது அவளுக்கு உறைத்தது. பனி உருகி ஊரே சதசதவென்று கிடந்தது.

அல்சீட் வாளியைக் கீழே வைத்தார். வானத்தைப் பார்த்தார்.

"ஆமா," என்றார் மெதுவாக. "நானும் கேள்விப்பட்டேன்."

இல்லாத தடையை எங்கே கேள்விப்பட்டார் இந்த மனுஷன்?

அதன்பிறகு அவரைக் கவனிக்கத் தொடங்கினாள். விடியற்காலையில் படுக்கை காலியாக இருக்கும். ஜன்னல் வழியே பார்த்தால் அல்சீட் இரவு உடையிலேயே கையில் ஒரு துணியோடு காரைச் சுற்றி வந்துகொண்டிருப்பார். சில சமயம் ஒரே இடத்தில் நின்று காரின் கூரையையே உற்றுப் பார்ப்பார். கடல் காக்கைகள் பறந்தால் கையை வீசுவார்.

செவ்வாய்க்கிழமை மழை இருட்டிக்கொண்டு வந்தது. நொயெல்லா குளியலறைத் திரையைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே அல்சீட் கூடாரத் துணியோடு ஏற்கெனவே நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆலங்கட்டி விழும்னு ரேடியோவுல சொன்னாங்க," என்றாள் அவள்.

"விழும், விழும்," என்றார் அவர். "அந்த முனையைப் பிடி."

ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டினார்கள். ஆலங்கட்டி விழவில்லை. ரேடியோவில் அப்படிச் சொல்லவும் இல்லை.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தாள். பூச்சைப் பற்றி மூச்சு விடவில்லை. மற்றதைச் சொன்னாள்.

தெல்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றாள். "நடக்காததை நடந்ததுன்னு சொன்னா சரி சரின்னு தலையாட்டுவாரு. நெனப்பிருக்கா?"

"இருக்கு அக்கா."

"ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா. நான் பார்க்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை தெல்மா கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஃப்ரிக்கோ குழம்பு செய்திருந்தாள். ஓவிலா ஜன்னலோரம் நின்று வெளியே இருந்த காரை ரொம்ப நேரம் பார்த்தார். உட்கார்ந்தார். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆறு வருஷத்துக் கணக்கைத் தீர்க்கிற மாதிரி கேட்டார்:

"என்ன சகலை, வண்டி கண்ணாடியாட்டம் மின்னுது? கோட்டிங் கீட்டிங் போட்டீங்களோ?"

நொயெல்லா வாயிலிருந்த உருளைக்கிழங்கை மெல்லுவதை நிறுத்தினாள். இனி மிளகாய் வரும், மெழுகு வரும், துரு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அல்சீட் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த உப்பை இப்படித் தள்ளுங்க."

ஓவிலாவே பயந்துபோய் உப்பைத் தள்ளினார். தெல்மா தங்கையைப் பார்த்தாள். அக்காவின் கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

மறுநாளே நொயெல்லா அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள். வழக்கமாக அல்சீட்டை டாக்டரிடம் கொண்டுபோவதற்கு நாலு பேர் வேண்டும். இந்தத் தடவை அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அதுவும் அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

டாக்டர் இளவயதுப் பெண். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். சரியாகச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னாள். டாக்டர் தடுமாறினாள், அவர் தடுமாறவில்லை.

"சமீபத்துல பழக்கவழக்கம் ஏதாவது மாறியிருக்கா?"

"கார் கழுவுறதில்ல."

"ஏன்?"

"இவ வேண்டாம்னா."

"இவங்க சொன்னா நீங்க கேப்பீங்களா?"

அல்சீட் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்தார். "கேட்டதில்ல," என்றார்.

"மனசுல ஏதாவது பாரம் இருக்கா? யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கிறது?"

அவர் நொயெல்லாவைப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. "அப்படியொண்ணும் இல்ல."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். நொயெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு, "மறதி எதுவும் இல்ல. ஆனா ஏதோ ஒண்ணு அவரைப் போட்டு அரிக்குது. வீட்டுல நிம்மதியா வச்சுக்கோங்க," என்றாள்.

திரும்பும் வழியில் அல்சீட் ஒவ்வொரு குழியாகப் பார்த்து விலகி விலகி ஓட்டினார். பாலம் தாண்டியதும், "நொயே, எனக்கு ஒண்ணும் இல்ல. நீ பயப்படாதே," என்றார். அவள் கையை எடுத்துத் தன் கையோடு வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்து வருஷக் கணக்காகிறது.

நொயெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லி இந்த மனுஷனை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது தான்தான். இவர் புத்தியில் எதுவும் குழம்பவில்லை. பெண்டாட்டி எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்து, கேட்கவும் மனமில்லாமல், உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறார். ஒரு மெழுகுப் பூச்சுக்காக இவரை இழப்பதா? பூச்சை ரத்து செய்துவிட வேண்டும். பிறகு அவர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் சொல்லிக் காட்டட்டும். அந்தக் குரலைக் கேட்டாலே போதும்.

மறுநாள் அல்சீட் வேலைக்குப் போனதும் அவள் ஷோரூமுக்குப் போனாள். மரியாதையான அந்தப் பையன் விடுப்பில் இருந்தான். கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். நொயெல்லா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள்.

"அம்மாடி, காருக்கு ஒரு கோட்டிங் போட்டேன். பணம் முழுசா வரலைன்னாலும் பரவாயில்ல, அதை ரத்து பண்ணணும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாமப் போட்டுட்டேன். அதுல அவரு உடம்பே கெட்டுப்போச்சு."

அந்தப் பெண் பரிவோடு தலையசைத்து, பெயரைக் கேட்டுத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"மேடம், இந்தக் காருக்கு ரெண்டு கோட்டிங் இருக்கே. நீங்க போட்டதை ரத்து பண்றதா, இல்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே உங்க வீட்டுக்காரரு, பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லிப் போட்டாரே, அதையா?"