பாட்டில்லாத படம்

"அந்த 'குப்பை'யை மட்டும் எடுத்துடுய்யா" என்றார் ஆசிரியர்.

"எடுத்துட்டா என் விமர்சனத்துல மிச்சம் என்ன சார் இருக்கு?" என்றார் விமர்சகர்.

பழைய சிரிப்புப் படம் ஒன்றை ஆட்டமும் பாட்டுமாகப் புதிதாக எடுத்திருந்தார்கள். வாரப் பத்திரிகையின் பின்னட்டை முழுக்க அதன் விளம்பரம். உள்ளே விமர்சகர் எழுதியிருந்தார்: 'பழையதில் கதாநாயகன் அலமாரிக்குள் ஒளிவான், மறுநொடி மாமனார் கதவைத் திறப்பார். வயிறு வலிக்கச் சிரித்தோம். புதியதில் அலமாரிக்குள்ளேயே ஒரு டூயட். அது முடிவதற்குள் மாமனாருக்குத் தலை நரைத்துவிடுகிறது. குப்பை.'

ஆசிரியர் அதை அடித்து 'சுமார்' என்று திருத்தினார். விமர்சகர் நேரே அச்சகத்துக்குப் போய், 'சுமார்' என்பதை அடித்து 'பெருங்குப்பை' ஆக்கினார்.

இதழ் கடைக்கு வந்த அன்றே விளம்பரம் கைவிட்டுப் போனது.

"மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுது. இல்லே, உன் பக்கத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று சீறினார் ஆசிரியர்.

விமர்சகர் நாலு வரிதான் எழுதினார். 'பாட்டே வேண்டாம் என்று துணிந்த மேதைகள் எடுத்தது அந்தப் பழைய படம். இவர்களுக்கு அந்தத் துணிச்சல் ஏது?'

புதுப்பட இயக்குநர் சும்மா இருப்பாரா? 'துணிச்சலாவது, மண்ணாவது! பாட்டு வைக்கக் காசில்லாமல் விட்டிருப்பார்கள். மேடையில் நிரூபிக்கட்டும்' என்று பேட்டி கொடுத்தார்.

"நிரூபிக்கலேன்னா வேலையை விடறேன்னு சொல்லிட்டேன்" என்றார் விமர்சகர், வீட்டில்.

"எனக்கென்னவோ அந்த அலமாரிப் பாட்டு பிடிச்சிருக்குங்க" என்றாள் மனைவி.

"நீயுமா?"

"வேலை போனா வீட்டுலதானே இருப்பீங்க? தினம் பாடிக் காட்டறேன். பேசாம மன்னிப்பு எழுதிக் குடுத்துடுங்களேன்."

"தலையே போனாலும் மாட்டேன்!"

படத்தை எடுத்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. மிஞ்சிய ஒரே சாட்சி, அதைத் திரையிட்ட பழைய ஆபரேட்டர். மற்ற இடங்களில் ஒரு வாரம்கூடத் தாங்காத படம், அவர் தியேட்டரில் மட்டும் நூறு நாள் ஓடியது. மற்றப் பிரதிகளெல்லாம் கிடங்குத் தீயில் போய்விட்டதால், இன்று உலகம் பார்ப்பது அவர் பெட்டியில் இருந்த படத்தைத்தான்.

ஆபரேட்டரை விமர்சகர் காரில் வைத்து விவாத மேடைக்கு அழைத்து வந்தார். முன்வரிசையில் ஆசிரியர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, சத்தமாச் சொல்லுங்க. அதுல ஒரு பாட்டாவது உண்டா?"

"ஜனங்க வந்து பார்த்த நாள்ல ஒண்ணுகூட இல்லே."

கைதட்டல். இயக்குநர் மைக்கைப் பிடுங்கினார். "காசில்லாமத்தானே பெரியவரே?"

"காசா? இதுல காசு எங்கே வந்துது?"

"அப்போ துணிச்சல்தானே ஐயா?" என்றார் விமர்சகர்.

"பின்னே? துணிச்சல் இல்லாம முடியுமா?"

விமர்சகர் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஆசிரியரைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா சார்?"

ஆபரேட்டர் மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"முதல் வாரம் பூராக் காலி நாற்காலிக்குத்தான் ஓட்டினேன், அப்புறம் எனக்குக் கடைசி பஸ்ஸாவது கிடைக்கட்டும்னு, துணிஞ்சு ஆறு பாட்டையும் நானே கத்தரிச்சு எறிஞ்சிட்டேன்!"