லாட்ஜ் கம்ப்யூட்டருக்கு விழுந்த பூட்டு

கொடைக்கானல்

அன்புள்ள மூத்த மாப்பிள்ளை பிரதீப் அவர்களுக்கு, மாமனார் தண்டாயுதபாணி எழுதிக்கொள்வது. இங்கு குளிரும் நாங்களும் சௌக்கியம். தாங்களும் மகள் மேனகாவும் அங்கு நலமாயிருக்கப் பழனியாண்டவர் துணை.

நமது லாட்ஜில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருப்பது தாங்கள் அறிந்ததே. ஒன்றில் தாங்கள் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றித் தந்தீர்கள். மற்றதில் சின்ன மாப்பிள்ளை மனோஜ்குமார் கம்பெனி சிஸ்டத்தைக் காசு கொடுத்து வாங்கி ஏற்றினார். தங்களுடையதை மாடியிலும் அவருடையதை வரவேற்பு மேசையிலும் வைத்தேன். இதில் தங்களுக்கு வருத்தம் என்று மேனகா சொன்னாள். லினக்ஸ் நிரலை ஊரே படித்துப் பார்க்கலாம், ஓட்டை இருந்தால் யாராவது கண்டுபிடித்து அடைத்துவிடுவார்கள் என்று தாங்கள் சொன்னபோது, ஊரே பாக்கலாம்னா திருடனும் அந்த ஊர்லதானே இருக்கான்னு எனக்குத் தோணுச்சு. கம்பெனிக்காரன் உள்ள இருக்கிறதை எவனுக்கும் காட்ட மாட்டான், அதான் பத்திரம்னு சின்னவர் சொன்னது மனசுக்குப் பிடிச்சுப்போச்சு.

போன வாரம் வெள்ளனே ஒரு மெயில். நாற்பது பேர் குரூப்பா வர்றோம், விவரம் உள்ளேன்னு. சீசன் நேரம், ஆசை யாரை விட்டது, வெரசா அமுக்கிட்டேன். திரை செவசெவன்னு ஆகி, ஃபைலையெல்லாம் பூட்டிட்டோம், பணம் கட்டினாத்தான் திறப்போம்னு இங்கிலீஷ்ல வருது. புக்கிங் அத்தனையும் அதுக்குள்ள கெடக்கு. நான் கேட்டுல நின்னு வர்ற காரையெல்லாம் மறிச்சு, "நீங்க நம்ம லாட்ஜுலதானே புக் பண்ணிருக்கீங்க?"ன்னு கேட்டேன். பில்லர் ராக்ஸுக்கு வழி கேட்டு நின்ன குடும்பம்கூட, ரேட்டைச் சொன்னதும் ஆமான்னுட்டு ரூமுக்குள்ள போயிருச்சு. பொறகு நெசமாவே புக் பண்ணவங்க கைக்குழந்தையோட வந்து நிக்கிறாங்க. அந்தப் பிள்ளை குளிர்ல நடுங்குனதைப் பாத்து எனக்குப் பொறுக்கலை. எங்க ரூமையே குடுத்துட்டு, நானும் உங்க அத்தையும் ஸ்டோர் ரூம்ல காரட் மூட்டைகளுக்கு நடுவுல படுத்தோம்.

சின்னவருக்குப் போன் போட்டேன். "சிஸ்டத்தைக் குத்தம் சொல்லாதீங்க மாமா. அப்டேட் பண்ணுன்னு மாசக்கணக்கா அது கேட்டுச்சே, பண்ணீங்களா?"ன்னார். "சீசன்ல அதுக்கு ஏது நேரம்?"னேன். போனை வெச்சுட்டார்.

ஆனா பாருங்க, மாடியில உங்க லினக்ஸுக்கு ஒரு கீறல் இல்லை. வைரஸ் மேல ஏறிப் போய்ப் பாத்துட்டு, இது நமக்கு ஆகாதுன்னு இறங்கிருச்சு போல. ஆகவே தாங்கள் உடனே வந்து, வரவேற்பு மேசையிலும் லினக்ஸையே ஏற்றித் தர வேண்டுகிறேன். முருகன் அருளால் சகல வளமும் பெற்று நீடு வாழ்க.

இப்படிக்கு,
தண்டாயுதபாணி

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை சண்முகவள்ளி எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தாக. மாடிக்குப் போற நெட் ஒயரைப் பொங்கலுக்கு முன்னாடியே குரங்கு பிச்சு எறிஞ்சிருச்சு. மாமா அதுல சீட்டு மட்டுந்தான் விளையாடுறாக. வர்றப்ப ஒயர் வாங்கிட்டு வாங்க. ஆனா மாமாகிட்ட மூச்சு விட்றாதீங்க. லினக்ஸ் காப்பாத்துச்சுன்னு இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறாக.